கிராஞ்சிச் சுவரில் இல்லாத பெயர்: தாதி சிபில் கார்த்திகேசுவின் கதை

கிராஞ்சி எம்ஆர்டி நிலையத்தில் இறங்கி உட்லண்ட்ஸ் சாலையோரமாகச் சற்று நடந்தால் போர் நினைவிடத்தின் வாயில் வந்துவிடும். மேடேறும் புல்வெளியில் 4,400க்கும் மேற்பட்ட வெள்ளைக் கல்லறைக் கற்கள் வரிசை பிடித்து நிற்கின்றன. உச்சியில், விமானத்தின் இறக்கைபோல் விரிந்த கூரைக்குக் கீழே, கல்லறை என்று ஒன்று அமையாதவர்களின் பெயர்கள் சுவர் சுவராகப் பொறிக்கப்பட்டுள்ளன. அவை 24,000க்கும் அதிகம். இந்தியப் படைப் பிரிவுகளின் வரிசையில் நம்மவர் பெயர்களும் கண்ணில் படும். தாதியரின் பெயர்களும் உண்டு. 1942 பிப்ரவரி 16ஆம் தேதி பங்கா தீவின் கடற்கரையில் ஜப்பானியப் படையினர் சுட்டுக்கொன்ற 21 ஆஸ்திரேலிய ராணுவத் தாதியரை இந்தச் சுவர்தான் நினைவில் வைத்திருக்கிறது.

ஆனால் மலாயாவின் போர்க்காலத் தாதியரில் ஆகப் புகழ்பெற்றவரின் பெயரை இங்கே தேடிப் பயனில்லை. சிபில் கார்த்திகேசு சீருடை அணிந்தவர் அல்லர். ஈப்போ வட்டாரத்தில் பிரசவம் பார்த்துக்கொண்டிருந்த மருத்துவச்சி. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் இரண்டாம் உலகப் போரின் மரணக் கணக்கை 1947 டிசம்பர் 31ஆம் தேதியோடு முடித்துவிட்டது. போர் தந்த காயத்தால் சிபில் இறந்தது 1948 ஜூனில். இரண்டு வகையிலும் அவர் அந்தச் சுவருக்கு வெளியே நின்றுவிட்டார்.

ஆங்கில எழுத்தில் இந்தக் குடும்பப்பெயரைப் பார்ப்பவர்கள் அதைக் ‘கதிகாசு’ என்று படித்துவிட்டு நகர்ந்துவிடக்கூடும். அது கார்த்திகேசு. நம் ஊர்ப் பெயர்தான்.

சிபிலின் கணவர் இலங்கைத் தமிழர். தைப்பிங்கில் 1892ல் பிறந்தவர். கணபதிப் பிள்ளை ஆறுமுகம் என்பது அவரது பிறவிப் பெயர். சிபிலோ 1899 செப்டம்பர் 3ஆம் தேதி சுமத்ராவின் மேடான் நகரில் பிறந்தவர். ஊர்ப் பெயரையே நடுப்பெயராகக் கொடுத்தார்கள்: சிபில் மேடான் டேலி. தந்தை அயர்லாந்து வழி யுரேசியர், தோட்டத் தொழில் செய்தவர். தாய் பிரெஞ்சு வழி யுரேசியர், மருத்துவச்சி. ஐந்தாவது பிள்ளை, ஒரே பெண் பிள்ளை. தாயின் தொழிலையே மகளும் எடுத்துக்கொண்டார். தாதிமைப் பயிற்சியும் பேறுகாலப் பயிற்சியும் பெற்றார். கேண்டனீஸ் மொழியைச் சரளமாகப் பேசக் கற்றார். பின்னாளில் இந்த மொழிதான் அவரை ஒரு சீனச் சிற்றூரின் செல்லப் பெண்மணியாக்கியது.

கத்தோலிக்கப் பெண், இந்து மாப்பிள்ளை. அந்தக் காலத்தில் அது சிறிய தடையல்ல. ஆறுமுகம் மதம் மாற ஒப்புக்கொண்டு அப்டன் கிளெமென்ட் கார்த்திகேசு ஆனார். 1919 ஜனவரி 7ஆம் தேதி கோலாலம்பூர் புக்கிட் நானாஸ் செயின்ட் ஜான் தேவாலயத்தில் திருமணம் நடந்தது. அதே ஆண்டு ஆகஸ்ட்டில் ஆண் குழந்தை பிறந்தது. 1915ல் கலிப்போலிப் போரில் பிரிட்டிஷ் படைவீரராக இறந்த தம் அண்ணன் மைக்கலின் பெயரை மகனுக்கு வைத்தார் சிபில். குழந்தை 19 மணி நேரமே உயிரோடு இருந்தது.

ஊரார் வீட்டுப் பிள்ளைகளையெல்லாம் கைநிறைய வாங்கித் தாயிடம் கொடுத்த மருத்துவச்சிக்குத் தம் முதல் பிள்ளை தங்கவில்லை. சித்திரவதையைப் பற்றிப் பேசும் அவசரத்தில் பலரும் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். நான் தாண்டமாட்டேன். பின்னர் நடந்ததைப் புரிந்துகொள்ள இது வேண்டும். வில்லியம் என்ற ஆண் பிள்ளையைத் தம்பதியர் தத்தெடுத்து வளர்த்தனர். 1921 பிப்ரவரியில் ஓல்கா பிறந்தார். கடைக்குட்டி டான் பிறந்தது 1936ல். அப்போது சிபிலுக்கு 37 வயது. இழந்த ஒன்றுக்குப் பிறகு காத்திருந்து கிடைத்த பிள்ளைகள் இவர்கள்.

1921 ஏப்ரலில் குடும்பம் ஈப்போவுக்குக் குடிபெயர்ந்தது. 1926ல் பிரூஸ்டர் சாலை 141ஆம் எண்ணில் மருந்தகம் திறந்தார்கள். கணவர் டாக்டர், மனைவி தாதி. 15 ஆண்டுகள் அப்படியே ஓடின. 1939 செப்டம்பர் 3ஆம் தேதி, சிபிலின் 40வது பிறந்தநாளன்று, பிரிட்டன் ஜெர்மனிமீது போர் அறிவித்தது. அது எங்கோ ஐரோப்பாவில் நடக்கும் சண்டை என்றுதான் மலாயாவில் பலரும் நினைத்திருப்பார்கள்.

1941 டிசம்பர் 8ஆம் தேதி ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கினர். மாத முடிவுக்குள் ஈப்போ அவர்கள் வசமானது. அதற்குச் சில நாள்களுக்கு முன்பே கார்த்திகேசு குடும்பம் பக்கத்திலுள்ள பாப்பான் என்ற ஈயச் சுரங்கச் சிற்றூருக்கு நகர்ந்துவிட்டது. மலாய் மொழியில் அந்தப் பெயருக்குப் பலகை என்று பொருள். பிரதான வீதி 74ஆம் எண் கடைவீடு அவர்களது புதிய மருந்தகமாயிற்று. அடுத்த பிப்ரவரியில் ஜப்பானியப் படை கிராஞ்சிச் சதுப்பிலும் இறங்கியது. அந்த மாதம் 15ஆம் தேதி சிங்கப்பூர் சரணடைந்தது. தீபகற்பம் முழுவதும் ஒரே ஆட்சியின்கீழ் வந்த பிறகு பாப்பானைவிட்டு ஓடுவதற்கும் இடமில்லை.

மலாயாவில் அந்நாளில் தாதியை ‘மிஸ்ஸி’ என்றே சொல்வார்கள். மூத்தவர்கள் இன்றும் சொல்கிறார்கள். பாப்பான் மக்களுக்கும் சிபில் மிஸ்ஸிதான். பெரும்பாலும் சீனர்கள் வாழ்ந்த அந்த ஊரில், அவர்கள் மொழியில் பேசி, நோய் கேட்டு, மருந்து கொடுக்கும் பெண். அரிசிக்கும் மருந்துக்கும் பஞ்சம் வந்த காலம் அது. நோயாளியின் கையில் காசு இருக்கிறதா என்று பார்த்து மருந்து கொடுக்க முடியாது.

முன்வாசல் வழியாக வந்தவர்கள் ஊர்மக்கள். பின்வாசல் வழியாக, இருட்டிய பிறகு, வேறு சிலர் வந்தார்கள். மலாயா மக்களின் ஜப்பானிய எதிர்ப்புப் படையைச் சேர்ந்த காட்டுப் போராளிகள். குண்டடி பட்டவர்களுக்கும் காய்ச்சலில் துவண்டவர்களுக்கும் கணவனும் மனைவியும் சிகிச்சை செய்தனர். மருந்துகள் மலைக்குப் போயின. அவற்றோடு செய்தியும் போயிற்று. வீட்டில் ஒளித்துவைத்த சிற்றலை வானொலியில் சிபில் பிபிசி கேட்டு, நம்பிக்கையானவர்களுக்குச் சொல்லி அனுப்பினார். அந்த வானொலிப் பெட்டிக்கு அவர் ‘ஜோசஃபின்’ என்று செல்லப் பெயர் வைத்திருந்தார். வீட்டில் இன்னொரு பெண் இருப்பதுபோல் பேசிக்கொள்ளலாம் அல்லவா! தடைசெய்யப்பட்ட அலைவரிசையைக் கேட்டது தெரிந்தால் தலை தப்பாத காலத்தில் இந்த விளையாட்டுத்தனம் அவரிடம் இருந்தது. பதக்கம் வாங்கிய வீராங்கனையைவிட, வானொலிக்குப் பெயர் வைத்த இந்தப் பெண்மணியை எனக்குக் கூடுதலாகப் பிடித்திருக்கிறது.

1943ல் எல்லாம் வெளிப்பட்டுவிட்டது. டாக்டர், சிபில், வில்லியம் மூவரும் பிடிபட்டனர். ஜப்பானிய ராணுவக் காவல்படையான கெம்பெய்தாய் வசம் சிபில் ஒப்படைக்கப்பட்டார். யோஷிமுரா என்ற சார்ஜண்ட் அவரை விசாரித்தார். அடித்தார்கள், தண்ணீரால் வதைத்தார்கள், முதுகெலும்பு பழுதாகும்வரை விடவில்லை. அவர்களுக்கு வேண்டியிருந்தவை பெயர்கள். மருந்து வாங்கிப் போனவர் யார், செய்தி கொண்டு போனவர் யார், காட்டில் எந்த இடம்? சிபில் சொல்லவில்லை.

பிறகு டானைக் கொண்டுவந்தார்கள். சின்னஞ்சிறு பிள்ளை. மரத்தில் கட்டித் தொங்கவிட்டு, கீழே நெருப்பு மூட்டப்போவதாகத் தாய்க்குக் காட்டினார்கள். பெயர்களைச் சொன்னால் பிள்ளை இறங்கும். சொல்லாவிட்டால் நெருப்பு.

தமிழ் படித்தவளான எனக்கு இந்த இடத்தில் புறநானூற்றுத் தாய்மார்கள் நினைவுக்கு வராமல் இல்லை. ஒரே மகனை வேல் கொடுத்துப் போருக்கு அனுப்பியவளைப் பள்ளியிலிருந்தே பாராட்டி வளர்ந்தோம். ஆனால் சிபிலை அந்த வரிசையில் நிறுத்துவது சரியாகப் படவில்லை. அவர் மகளை எங்கும் அனுப்பவில்லை. போர்தான் வீட்டுக்குள் வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனது. அவர் வாய் திறந்திருந்தால் பாப்பான் வீதியில் எத்தனை வீடுகள் காலியாகியிருக்கும்? அந்த வீடுகளில் பலவற்றில் பிரசவம் பார்த்ததும் காய்ச்சல் தணித்ததும் அவர்தான். மரத்தில் தொங்கியது தம் பிள்ளை. அவர் நாவில் தொங்கியவை மற்றவர்களின் பிள்ளைகள். தாயாகவும் தாதியாகவும் ஒரே நேரத்தில் இருக்க முடியாத ஒரு நிலையில் அவரைக் கொண்டு வைத்தார்கள். பாசம் குறைந்ததால் அவர் வாய் மூடியிருந்தார் என்று யாரேனும் நினைத்தால், 19 மணி நேரம் வாழ்ந்த மைக்கலை மறந்துவிட்டார்கள் என்றுதான் பொருள்.

டான் உயிர் தப்பினார். ஜப்பானிய அதிகாரி ஒருவர் குறுக்கிட்டுப் பிள்ளையை இறக்கச் சொன்னார் என்பது சிபில் விட்டுச்சென்ற பதிவு. அந்த அதிகாரியையும் மறைக்காமல் எழுதிவைத்த நேர்மை கவனிக்கத்தக்கது.

அதன்பின் பத்து காஜா சிறை. போர் முடிந்து 1945ல் விடுதலை வந்தபோது சிபிலால் எழுந்து நடக்க முடியவில்லை. பிரிட்டிஷார் அவரைச் சிகிச்சைக்காக விமானத்தில் பிரிட்டனுக்கு அனுப்பினர். யோஷிமுரா போர்க் குற்றவாளியாக விசாரிக்கப்பட்டு மரண தண்டனை பெற்றார். பக்கிங்ஹாம் அரண்மனையில் மன்னர் ஆறாம் ஜார்ஜ் கையால் சிபிலுக்கு ஜார்ஜ் பதக்கம் கிடைத்தது. மலாயாப் பெண்களில் அதைப் பெற்றவர் அவர் ஒருவரே எனக் குறிப்பிடப்படுகிறது.

மருத்துவமனைக் காலத்தில் அவர் தம் நினைவுகளை நூலாக்கத் தொடங்கினார். ‘நோ டிராம் ஆஃப் மெர்சி’ என்ற அந்தப் புத்தகம் அவர் இறந்து ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு, 1954ல், லண்டனில் வெளிவந்தது. தலைப்பு ஷேக்ஸ்பியரின் ‘வெனிஸ் வணிகன்’ நாடகத்திலிருந்து வருகிறது. இரக்கத்தின் ஒரு துளிகூட இல்லை என்பது பொருள். டிராம் என்பது பழைய மருந்துக்கடைகளில் மருந்து அளந்த ஒரு சிற்றளவும்கூட. மருந்தகம் நடத்தியவரின் புத்தகத்துக்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது.

1948 ஜூனில் தாடையின் பழைய காயம் கிருமி தொற்றி, ரத்தத்தில் நஞ்சு பரவி அவர் இறந்தார். அது ஒரு பூட்ஸ் உதையால் வந்த காயம். வயது 48. ஸ்காட்லாந்தின் லானார்க்கில் அடக்கம் செய்தார்கள். 1949ல் உடல் மலாயாவுக்குக் கொண்டுவரப்பட்டு ஈப்போவில் மீண்டும் அடக்கம் செய்யப்பட்டது.

அவர் கண்மூடிய சில நாள்களில், அதே பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக்கொல்லப்பட்டு, மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. ஜப்பானிய எதிர்ப்புப் படையை வழிநடத்தியவர்கள் கம்யூனிஸ்டுகள். சிபில் காயம் கட்டிய போராளிகளின் இயக்கம் இப்போது அவருக்குப் பதக்கம் தந்த அரசின் எதிரியாகிவிட்டது. அவர் புத்தகம் வெளிவந்த 1954லும் அந்தச் சண்டை ஓயவில்லை. யாருக்கு உதவினார் என்று உரக்கச் சொல்ல முடியாத ஒரு வீராங்கனையாக அவர் நெடுங்காலம் இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். பின்வாசலில் வந்தவர்களின் அரசியலைப் பார்த்து அவர் கட்டுப் போட்டிருந்தால் கதை வேறு. அவர் பார்த்தது காயத்தைத்தான்.

சிங்கப்பூரில் நம் பிள்ளைகள் எலிசபெத் சோயின் கதையைக் கேட்டு வளர்கிறார்கள். ஆசிரியை, தொண்டூழியத் தாதி, சிறைபட்டவர்களுக்குப் பொருளும் தகவலும் கடத்தியவர். அவரையும் 1943லேயே கெம்பெய்தாய் பிடித்தது. ஏறக்குறைய 200 நாள் அடைத்து வதைத்தது. அவர் மீண்டு வந்து, சட்டமன்ற உறுப்பினராகி, பார்வையற்றோர் பள்ளியின் முதல்வராகி, மூன்று பெண் பிள்ளைகளைத் தத்தெடுத்து வளர்த்து, 2006ல் 95 வயதில் மறைந்தார். கிட்டத்தட்ட சிபிலின் இரு மடங்கு ஆயுள். அந்த நீண்ட வாழ்வு சிபிலுக்கும் வாய்த்திருந்தால், டான் வளர்ந்து பெரியவளாவதைப் பார்த்திருப்பார். தாய் இறந்தபோது டானுக்கு 12 வயதுகூட நிறையவில்லை.

2006ல் கார்த்திகேசு குடும்பத்தைப் பற்றிய ஆய்வு நூல் ஒன்று சிங்கப்பூரில் வெளியானது. 2010ல் மலேசியத் தொலைக்காட்சியில் தொடர் நாடகம் வந்தது. 2016 செப்டம்பர் 3ஆம் தேதி கூகல் தன் முகப்பில் அவர் படத்தை வரைந்து வைத்தது. ஈப்போ ஃபேர் பார்க்கில் ஒரு சாலைக்கு அவர் பெயர். பாப்பானின் 74ஆம் எண் கடைவீட்டை ஈப்போவைச் சேர்ந்த மரபுடைமை ஆர்வலர் ஒருவர் நினைவில்லமாகப் பேணிவந்தார். பாப்பான் வீதியில் பல கடைவீடுகள் சிதைந்து, கூரையைப் பிளந்து மரங்கள் முளைத்துவிட்டன. அந்த வீட்டிலோ, ‘ஜோசஃபினை’ ஒளித்துவைத்த இடத்தை வருகையாளர்களுக்குக் காட்டுகிறார்கள். மாடிப்படிக்கு அடியில் ஒரு குழி.