பிடுங்கும் முன் யோசித்த வைத்தியர்

பண்ணைப் பாலத்தைக் கடந்து அல்லைப்பிட்டி, மண்கும்பான், வேலணை என்று போனால், ஊர்காவற்றுறைக்குச் சற்று முன்னால் வருகிற ஊர் நாரந்தனை. நான் தீவகத்தில் பல் வைத்தியராக வேலை பார்த்த காலத்தில் அங்கே ஒருநாள் பற்சிகிச்சை முகாம் நடந்தது. வரிசையில் ஏழாவது ஆளாக ஓர் ஆச்சி வந்து கதிரையில் அமர்ந்தார். வாயில் மிஞ்சியிருந்தவை பத்தொன்பது பற்கள். கீழ் முன்பற்கள் நான்கும் நாக்குப் பட்டாலே ஆடின. முரசு சிவந்து வீங்கி, கருவி தொட்டவுடன் இரத்தம் கசிந்தது. வெற்றிலையும் புகையிலையும் நாற்பது வருடப் பழக்கம். போதாக்குறைக்கு நீரிழிவு.

ஆச்சி கேட்டது ஒன்றுதான். எல்லாப் பல்லையும் இன்றைக்கே கழற்றிவிட வேண்டும். இரண்டு மாதத்தில் பேத்திக்குக் கலியாணம், அதற்குள் பொய்ப்பல் கட்டிக்கொள்ள வேண்டும்.

கழற்றுவது எனக்குச் சுலபமான வேலை. ஆடுகிற பல் அரை நிமிடத்தில் கைக்கு வந்துவிடும், நோயாளியும் நன்றி சொல்லிவிட்டுப் போவார். தொழிலுக்கு வந்த முதல் வருடத்தில், வேறோர் ஊரில், இப்படிக் கேட்ட ஒரு பெண்ணுக்கு நான் அதைத்தான் செய்தேன். ஆறு மாதம் கழித்து அவர் பொய்ப்பல்லைக் கைலேஞ்சியில் சுற்றிக்கொண்டு வந்து என் மேசையில் வைத்தார். முரசு நோய் பல்லை மட்டும் தின்பதில்லை, பல்லைத் தாங்கும் தாடை எலும்பையும் கரைக்கிறது. எஞ்சிய பற்களையும் எடுத்துவிட்டால் எலும்பு இன்னும் வேகமாகத் தேய்ந்துவிடும். பொய்ப்பல் உட்காருவதற்கு அந்தப் பெண்ணின் கீழ்த்தாடையில் மேடே இருக்கவில்லை. கஞ்சியும் கரைத்த சோறுமாக அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவருடைய பற்களில் சிலவற்றையாவது காப்பாற்றியிருக்கலாம் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான் அஸ்ஸஹ்ராவியை ஒழுங்காகத் தேடி வாசித்தேன். நாரந்தனையில் என் கையைப் பிடித்து நிறுத்தியவரும் அவர்தான்.

இப்னு ஸீனாவின் பெயரை நம் கல்லூரியில் தெரியாதவர்கள் இருக்க மாட்டார்கள். அவருக்கு மூத்தவரான அபுல் காஸிம் கலஃப் இப்னு அப்பாஸ் அஸ்ஸஹ்ராவியின் பெயர் அந்த அளவுக்கு நம் வீடுகளுக்கு வந்து சேரவில்லை. மதீனத்து அன்ஸாரிகளின் வழிவந்த குடும்பம் அவருடையது. ஸ்பெயினின் குர்துபா நகரத்துக்குச் சில கிலோமீட்டர் மேற்கே, மூன்றாம் அப்துர் ரஹ்மான் 936ஆம் ஆண்டளவில் கட்டத் தொடங்கிய அரண்மனை நகரம் மதீனத்துஸ் ஸஹ்ரா. அந்நகரம் எழுந்த காலத்தை ஒட்டியே அவரும் பிறந்தார் என்பார்கள். ஸஹ்ராவி என்ற பெயரும் அந்த ஊரால் வந்ததே.

அவருடைய குடும்ப வாழ்க்கையைப் பற்றி வரலாறு மிகக் கொஞ்சமே வைத்திருக்கிறது. 1010இல் உள்நாட்டுக் கலவரத்தில் மதீனத்துஸ் ஸஹ்ரா சூறையாடப்பட்டு அழிந்தது. முதுமையில் இருந்த ஸஹ்ராவி, தன் பெயரில் ஒட்டியிருந்த நகரம் இடிந்து போவதைக் கண்டுவிட்டு, 1013ஐ ஒட்டி மறைந்தார். அந்த இடிபாடுகள் 2018இல்தான் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தன.

நகரம் போனாலும் அவர் எழுதிய நூல் போகவில்லை. ஏறத்தாழ ஐம்பது வருட வைத்திய அனுபவத்தைத் திரட்டி, 1000ஆம் ஆண்டளவில் அவர் முடித்த அத்தஸ்ரீஃப் முப்பது பாகங்கள் கொண்டது. நோய்கள், மருந்துகள், உணவு எல்லாம் அதில் உண்டு. கடைசியான முப்பதாம் பாகம் சத்திர சிகிச்சைக்கு உரியது. ஏறக்குறைய இருநூறு கருவிகளை வரைபடத்தோடு அதில் விளக்கியிருக்கிறார். மாணவர்களைப் பிள்ளைகளே என்று கூப்பிட்டுத்தான் பாடம் சொல்கிறார்.

அந்தப் பாகத்தை அவர் எழுதிய காரணம் கோபம் கலந்த கவலை. உடற்கூற்றைப் படிக்காமலே கத்தியைக் கையில் எடுக்கிறவர்கள் அவர் காலத்தில் பெருகியிருந்தார்கள். ஒரு பெண்ணின் கழுத்தில் இருந்த கட்டியை அறியாத வைத்தியர் ஒருவர் வெட்டப்போய், இரத்தக் குழாயை அறுத்து, அவர் இரத்தம் பெருகி இறந்துபோனதை ஸஹ்ராவி எழுதி வைத்திருக்கிறார். பெண்களுக்குச் சிறுநீர்ப்பைக் கல் எடுக்கும் இடத்தில், இதற்குத் தேர்ந்த பெண் வைத்தியர் வேண்டும், அப்படிப்பட்டவர்கள் அரிதாகவே இருக்கிறார்கள் என்றும் குறிப்பிடுகிறார். கல்லூரிப் பிள்ளைகள் இந்த வரியைக் கொஞ்சம் நின்று வாசிக்க வேண்டும். அந்தக் குறை தீர நூற்றுக்கணக்கான வருடங்கள் எடுத்தன.

இனிப் பல்லுக்கு வருகிறேன். பற்களின் உள்ளும் புறமும், முரசின் ஓரத்திலும் கரடுமுரடாகப் படிந்து, கறுப்பாகவும் மஞ்சளாகவும் பச்சையாகவும் மாறுகிற காரைதான் முரசைக் கெடுக்கிறது என்று அவர் கண்டார். நோயாளியைத் தன் முன்னே இருத்தி, தலையை மடியில் சாய்த்துக்கொண்டு, மணல்போல உதிரும் காரை ஒன்றும் மிஞ்சாத வரை சுரண்ட வேண்டும் என்கிறார். ஒரே தடவையில் போய்விட்டால் நல்லது. போகாவிட்டால் மறுநாளும் அதற்கடுத்த நாளும் தொடர வேண்டும். இதற்காகப் பதினான்கு வகைச் சுரண்டிகளை வரைந்து காட்டுகிறார். பல்லின் வெளிப்பக்கத்துக்கு வேண்டிய வடிவம் உட்பக்கத்துக்குப் பொருந்தாது, இரண்டு பற்களுக்கு நடுவே இன்னொன்று வேண்டும். இன்று என் தட்டில் இருக்கும் கருவிகளும் அதே நியாயத்தில்தான் வளைந்திருக்கின்றன.

பல் பிடுங்குவதை அவர் கடைசி வழியாக வைக்கிறார். எல்லாச் சிகிச்சையும் செய்து பார்த்த பிறகே கை வைக்க வேண்டும், போன பல்லுக்கு ஈடு இல்லை என்பது அவர் நிலைப்பாடு. அவசரக்கார நாவிதர்கள் வேரை உள்ளே முறித்து விடுவதையும், தாடை எலும்பையே சேர்த்து இழுத்துவிடுவதையும் கடிந்து எழுதுகிறார்.

ஆடும் பற்களுக்கு அவர் சொன்ன வழி கம்பி கட்டுவது. உறுதியான பல் ஒன்றில் கம்பியைச் சுற்றித் தொடங்கி, ஆடும் பற்களுக்கிடையே பின்னிக்கொண்டு போய், மறுபக்கத்து உறுதியான பல்லில் முடிக்க வேண்டும். வெள்ளிக் கம்பி சில நாட்களில் பச்சை பூத்துக் கெட்டுவிடும், பொன் கெடாது, ஆகவே பொன்னே நல்லது. கம்பி மிக மெல்லியதாகவும் இருக்கக்கூடாது, தடித்ததாகவும் இருக்கக்கூடாது. விழுந்துவிட்ட பல்லின் இடத்தில் மாட்டெலும்பைச் செதுக்கி வைத்துக் கட்டலாம் என்றும் சொல்கிறார்.

மேடைகளில் இதையெல்லாம் அவரே முதலில் கண்டுபிடித்தார் என்று பேசுகிறோம். அது சரியல்ல. பொற்கம்பியால் பல் கட்டுவது அவருக்கு வெகுகாலம் முன்பே பினீசியரிடம் இருந்தது. சத்திர சிகிச்சையில் அவர் ஏழாம் நூற்றாண்டுக் கிரேக்க வைத்தியர் பவுலிடமிருந்தும் நிறையக் கற்றிருக்கிறார். சூட்டுக்கோலை அவர் நம்பிய அளவுக்கு இன்று யாரும் நம்புவதில்லை. ஆனாலும் எது முதலில், எது பிறகு, எது கடைசியில் என்று ஒரு வாயைப் பார்த்து முடிவெடுக்கும் ஒழுங்கை, படம் போட்டு, பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல் சொல்லி வைத்தவர் அவர். அந்த நூல் 12ஆம் நூற்றாண்டில் டொலிடோ நகரில் கிரெமோனாவின் ஜெரார்ட் என்பவரால் இலத்தீனுக்குப் போனது. 14ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு வைத்தியர் கீ த ஷோலியாக் தன் நூலில் இருநூறு தடவைக்கு மேல் அவரை எடுத்துக்காட்டினார். 1497இல் வெனிஸ் நகரில் அச்சேறியது. ஐரோப்பாவில் அவரை அபுல்காஸிஸ் என்றார்கள்.

நாரந்தனை ஆச்சிக்கு வருவோம். ஆரோக்கியமான முரசுக்கும் பல்லுக்கும் இடையிலுள்ள பள்ளம் மூன்று மில்லிமீற்றருக்கு மேல் போகாது. ஆச்சிக்குச் சில இடங்களில் ஏழும் எட்டும் இருந்தது. பத்தொன்பது பற்களையும் ஒரு தாளில் வரைந்து, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எழுதினேன். வேர் நுனிவரை எலும்பு போன இரண்டு கடைவாய்ப் பற்கள் நிற்காது. ஐந்து சந்தேகம். மற்றவை காப்பாற்றக் கூடியவை. முகாமில் எதையும் பிடுங்கவில்லை. முதலில் நீரிழிவுக் கிளினிக்குக்கு ஒரு கடிதம், ஏனென்றால் சீனி கட்டுப்படாமல் முரசு ஆறாது, முரசு ஆறாமல் சீனியும் எளிதில் கட்டுப்படாது. புகையிலையை விட வேண்டும். பல்லிடுக்கைத் துலக்கும் சின்னத் தூரிகையைப் பழக வேண்டும். பிறகு விறைப்பூசி போட்டு வாயை நான்கு பகுதியாகப் பிரித்து ஆழச் சுரண்டல், அந்த இரண்டு பற்களை எடுத்தல், முன்பற்களைக் கம்பியால் பிணைத்தல். மூன்று மாதத்தில் மறுபடி அளந்து பார்த்து, சத்திர சிகிச்சை வேண்டுமா என்று தீர்மானித்தல். அதன் பின்னும் சில மாதங்களுக்கு ஒரு தடவை வந்தே ஆகவேண்டும்.

ஆச்சிக்கு என்மேல் நல்ல கோபம். ஒரு நாளில் முடிகிற வேலையைப் பிள்ளை வருடக்கணக்காக இழுக்கிறது என்று கூட வந்த மகளிடம் முறையிட்டார். கலியாணப் படத்தில் சொந்தப் பல்லோடு சிரிக்கலாம் என்று மகள் சொன்ன பிறகுதான் கொஞ்சம் இறங்கினார்.

அவர் வருவார் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. வந்தார். ஒரு தவணை தவறினார், திட்டினேன், பிறகு ஒழுங்காக வந்தார். புகையிலை போனது, வெறும் வெற்றிலை மட்டும் போகவில்லை. கலியாணத்துக்குப் பத்து நாள் முன்பு கீழ் முன்பற்களின் உட்பக்கத்தில் கம்பியை வைத்து, பல் நிறப் பசையால் ஒட்டி முடித்தேன். மூன்று மாத அளவில் சந்தேகப் பற்கள் ஐந்தில் மூன்று நின்றன, ஒன்றை எடுக்க வேண்டி வந்தது, இன்னொன்றை இன்னும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கம்பி கட்டிய அன்று ஆச்சி கண்ணாடியை வாங்கி, நாக்கை மடித்து வெகுநேரம் உள்ளே பார்த்தார். அது வெள்ளியா என்று கேட்டார். இல்லை, துருப்பிடிக்காத உருக்கு என்றேன். பேத்தியின் கலியாணத்துக்குப் பொன்னிலேயே கட்டியிருக்கலாமே என்று சொல்லிக்கொண்டு கதிரையை விட்டு இறங்கினார்.