மாட்டுக்கும் கணக்கு எழுதிய ஆடிட்டர்



ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ மதுரை பஸ் ஏறியவர்கள் டி.கல்லுப்பட்டியைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. அங்கே காந்தி நிகேதன் ஆசிரமம் இருப்பதும் பலருக்குத் தெரியும். லண்டனில் படித்த ஆடிட்டர் ஒருவர் கடைசிக் காலத்தில் அங்கேதான் வந்து தங்கினார். நம்ம ஊர் உழவு மாட்டுக்கும் பசுவுக்கும் வரவு செலவுக் கணக்கு எழுதிப் பார்த்த ஜே.சி.குமரப்பா அவர்.

1892 ஜனவரி 4-ல் தஞ்சாவூரில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தார். அப்போது பெயர் ஜோசப் செல்லதுரை கொர்னேலியஸ். லண்டனில் கணக்கியல் படித்து, பம்பாயில் சொந்தமாக ஆடிட் கம்பெனி நடத்தினார். கோட், சூட் என்று கொடிகட்டிப் பறந்த வாழ்க்கை. பிறகு அமெரிக்கா போய் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படித்தபோது, இந்தியா ஏன் ஏழை நாடாச்சு என்று அரசாங்கக் கணக்குகளைத் தோண்டினார். வெள்ளைக்காரன் வசூலித்த வரி எங்கே போகிறது என்று தெரிந்ததும் மனசு மாறிவிட்டது. 1929-ல் ஊர் திரும்பி காந்தியைச் சந்தித்தார். குடும்பத்தின் பழைய பெயரான குமரப்பாவையே தன் பெயராக வைத்துக்கொண்டார்.

காந்தி கொடுத்த முதல் வேலை குஜராத்தில் மாதர் தாலுகாவின் 54 கிராமங்களைக் கணக்கெடுப்பது. 1934-ல் அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கம் தொடங்கியபோது அதன் செயலாளரானார். வார்தாவில் உட்கார்ந்து செக்கு, கைக்குத்தல் அரிசி, காகிதம், தேனீ என்று ஒவ்வொன்றையும் ஆராய்ந்தார். 1942 போராட்டத்தில் சிறைக்குப் போனவர், அங்கே இருந்தபடியே நிலைத்த பொருளாதாரம் பற்றிய தன் புகழ்பெற்ற நூலை எழுதினார்.

என்ஜினியர்களான நாம் கவனிக்க வேண்டியது அவர் கணக்குப் போட்ட விதத்தை. எண்ணெய் வித்தைக் கப்பலில் ஏற்றி அனுப்பினால் காசு வருகிறது, வாஸ்தவம்தான். ஆனால் வித்தோடு பிண்ணாக்கும் போய்விடுகிறது. பிண்ணாக்கு போனால் மாடு மெலியும். மாடு மெலிந்தால் உழவும் கெடும், எருவும் குறையும், கடைசியில் நிலம் வறண்டு போகும். ஊர்ச் செக்கில் ஆட்டினால் எண்ணெய் மனுஷனுக்கு, பிண்ணாக்கு மாட்டுக்கு, சாணம் வயலுக்கு. தவிடு, வைக்கோல், நம்ம பக்கத்துப் பருத்திக்கொட்டை எல்லாமே இந்தச் சுற்றில் வருபவைதான்.

பசுவைக் காப்பாற்ற வேண்டும் என்று அவர் சொன்னது மதத்தை வைத்து அல்ல. பால் தருவதோடு, உழவுக்கும் வண்டிக்கும் வேண்டிய காளையைப் பெற்றுத் தருவதும் பசுதானே? டிராக்டர் வந்தபோது, இது சாணமும் போடாது, கன்றும் போடாது என்ற ரீதியில் வாதாடினார். தார் ரோட்டில் மாட்டின் குளம்பு படும் பாட்டைக்கூட அவர் விடவில்லை. மாட்டு வண்டிக்காரனின் வரிப்பணத்தில் மோட்டாருக்கு ரோடு போடுவது என்ன நியாயம் என்று கேட்டார்.

அந்த வழக்கில் அவர் தோற்றுவிட்டார் என்றே சொல்லலாம். இன்றைக்கு நம்ம பக்கம் ஏர் மாடு பார்ப்பதே அபூர்வம். உழவுக்கு ஆள் கிடைக்காத சம்சாரி டிராக்டரைக் கூப்பிடுவதைக் குறை சொல்லவும் முடியாது. ஆனால் அவர் பயந்தபடியே ஒன்று நடந்திருக்கிறது. காளைக்கு வேலை இல்லாததால் கிடேரிக் கன்றுக்கு இருக்கும் மதிப்பு காளைக் கன்றுக்கு இல்லை. கணக்கில் பால் மட்டும்தான் மிச்சம். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவும் அந்தப் பாலை நம்பித்தான் இருக்கிறது. நிறையக் கறக்கும் கலப்பினப் பசுவுக்கு வெயில் ஆகாது. நிழலும், வேண்டிய மட்டும் தண்ணீரும் வேண்டும். தொழுவம் ஈரமாக அழுக்காகக் கிடந்தால் மடிநோய் வரும். கோமாரி வந்தால் பால் ஒரேயடியாக வற்றிவிடும். 6 மாதத்துக்கு ஒரு முறை தடுப்பூசி போடத் தவறினால் நஷ்டம் வீட்டுக்கு மட்டுமல்ல, ஊருக்கே.

1950-களில் உடம்பு தளர்ந்து கல்லுப்பட்டிக்கு வந்த குமரப்பா ஒரு சின்னக் குடிசையில் இருந்தார். காந்தி படத்தோடு ஓர் ஏழை விவசாயியின் படமும் அங்கே மாட்டியிருந்ததாம். காந்தி தன் எஜமானர், அந்த விவசாயி எஜமானருக்கும் எஜமானர் என்பாராம். 1960 ஜனவரி 30, காந்தி மறைந்த அதே தேதியில், சென்னையில் தம் 68-வது வயதில் காலமானார்.

நம்மில் பலர் வெளியூரில் வேலை பார்க்கிறோம். தொழுவமோ ஊரில் அப்பா, அம்மா பொறுப்பில். மாட்டை வித்துடலாமா என்ற பேச்சு வராத வீடு கிடையாது. விற்பதும் வைத்துக்கொள்வதும் அவரவர் சௌகரியம். ஆனால் முடிவு எடுப்பதற்கு முன், பால் காசோடு நிறுத்தாமல் சாணம், கன்று, தீவனம், மருந்து, வீட்டுப் பெரியவர்களின் உழைப்பு என்று முழுசாக ஒரு தடவை கணக்கு எழுதிப் பாருங்கள். குமரப்பா காட்டிய வழி அதுதான்.