நெசவர் குலத் தோன்றல் சர் பிட்டி தியாகராயர்

திருக்கோயிலும் தறியும் காஞ்சி மாநகரின் இரு கண்கள். ஏகாம்பரநாதர் திருவீதியில் விழாக்காலங்களில் எழும் மேளவொலியும், பிள்ளையார்பாளையத்துத் தெருக்களில் நாள்தோறும் எழும் தறியொலியும் இந்நகரத்தார் செவிக்கு ஒன்றுக்கொன்று அயலானவை அல்ல. தாம் நெய்த உடையையும் கீளையும் கோவணத்தையும் அடியார்க்கு வழங்கி உய்ந்தவர் நேச நாயனார். அடியார்தம் ஆடையின் மாசு கழித்துக் கொடுத்தலையே தவமாகக் கொண்டு, இக்காஞ்சிப் பதியிலேயே இறைவன் அருள் பெற்றவர் திருக்குறிப்புத் தொண்ட நாயனார். வயிற்றுக்காகச் செய்யும் தொழிலே வீட்டுக்கு வாயிலாகும் என்பதனை இவ்விருவர் வரலாறும் தெளிவுறுத்தும்.

அண்மைக் காலத்தில் நெசவர் குலத்திற் பிறந்து, தொழிலால் பொருளீட்டி, ஈட்டிய பொருளையும் பெற்ற பதவியையும் ஊர்ப்பணிக்கு ஆக்கிய ஒருவர் சர் பிட்டி தியாகராயச் செட்டியார். அவரை நாயன்மாரோடு வைத்து எண்ணுதல் இங்குக் கருத்தன்று. நாயன்மார் நெறியின் நிழல் இல்லறத்தார் வாழ்விலும் அரசியல் வாழ்விலும் எவ்வளவு படியக்கூடும் என்று காண்பதற்கு அவர் வரலாறு தக்கதோர் இடமாகும். தியாகம் என்னும் சொல் கொடுத்தலையும் குறிக்கும், விடுதலையும் குறிக்கும். ஆரூரிலும் ஒற்றியூரிலும் எழுந்தருளியுள்ள பெருமானின் திருநாமத்தைத் தாங்கிய இப்பெரியார், அச்சொல்லின் இரு பொருளுக்கும் தம் வாழ்வில் இடம் தந்தார்.

தெலுங்கு பேசும் தேவாங்கர் மரபில், 1852-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்கள் 27-ஆம் நாள் தியாகராயர் தோன்றினார். நெசவும் வாணிகமும் அக்குடும்பத்தின் தொழில்கள். செல்வக் குடியிற் பிறந்தாரில் பலர் கல்வியை ஓர் அணிகலனாகக் கருதிய அக்காலத்தில், அவர் சென்னை மாநிலக் கல்லூரியிற் பயின்று 1876-இல் பட்டம் பெற்றார். பட்டம் பெற்றோர் அரசாங்க உத்தியோகத்தை நாடுவதே பெருவழக்காக இருந்தது. அவரோ குலத்தொழிலுக்கே மீண்டார். கைத்தறி நெசவோடு தோல் பதனிடுதல் முதலிய தொழில்களிலும் ஈடுபட்டு, வடசென்னையின் பெருவணிகருள் ஒருவரானார்.

அவர் வாழ்ந்த வண்ணாரப்பேட்டை, கிழக்கிந்தியக் கம்பெனி ஏற்றுமதி செய்த துணிகளை வெளுத்துத் தரும் தொழிலாளர் குடியேறியதால் பெயர் பெற்ற ஊராகும். அங்கு ஏறத்தாழ நூறு தறிகள் கொண்ட நெசவுச்சாலை ஒன்றை அவர் நடத்தினார். குழித்தறியில் நெசவாளி ஒரு கையால் நாடாவை எறிந்து மறு கையால் வாங்குவான். இதனால் துணியின் அகலம் கையின் எட்டத்துக்குள் அடங்கும். வேலையும் மெல்ல நடக்கும். கயிற்றை இழுத்த அளவில் நாடா தானே பாவினூடே ஓடிச் சேரும் புதிய அமைப்பினைத் தம் நெசவுச்சாலையில் முன்னோடியாக நிறுவியவர்களுள் தியாகராயரும் ஒருவர். உடலும் கரையும் வெவ்வேறு நிறமாக, மூன்று நாடாக்களால் இருவர் அமர்ந்து நெய்யும் காஞ்சிக் கோர்வைப் பட்டுக்கு அவ்வமைப்பு பொருந்தாது. எனினும் ஆலைத்துணியின் போட்டியால் நலிந்து கொண்டிருந்த பருத்தி நெசவாளர்க்கு அஃது ஓர் ஊன்றுகோல் ஆயிற்று. பழந்தொழிலைக் காப்பாற்ற வேண்டுமாயின் புதுக்கருவியைக் கண்டு அஞ்சலாகாது என்பது அவர் செயலால் உணர்த்திய பாடம். 1909-இல் தென்னிந்திய வர்த்தக சங்கம் தோன்றியபோது அதனை நிறுவியோருள் அவரும் ஒருவர். பின்னர்ப் பல்லாண்டு அதன் தலைவராகவும் விளங்கினார்.

1688-இல் நிறுவப்பெற்ற சென்னை மாநகராட்சி இந்தியாவிலேயே மிகப் பழைமையானது. தியாகராயர் அதில் 1882-ஆம் ஆண்டு உறுப்பினராகப் புகுந்து, ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் இடையறாது பணியாற்றினார். நகராட்சிப் பணி புகழுக்கு எளிய வழியன்று. குடிநீர், சாக்கடை, தெருவிளக்கு, துப்புரவு, தொற்றுநோய்த் தடுப்பு என்பன செவ்வனே நடக்கும்போது எவரும் கவனியார். நடவாதபோது எல்லாரும் வைவர். செல்வர் ஒருவர் தம் வாணிகத்துக்கு நடுவே இவற்றுக்கென நாற்பது ஆண்டுகள் கூட்டங்களில் அமர்ந்திருந்தார் என்பதே ஒரு நோன்பு எனத் தகும்.

அதுவரை அம்மன்றத்தின் தலைமை அரசாங்க அதிகாரிகளிடமே இருந்துவந்தது. அதிகாரியல்லாத ஒருவர் முதன்முதலாக அப்பதவிக்கு வந்தது தியாகராயரைக் கொண்டேயாகும். மேயர் என்னும் பெயர் 1933-இல்தான் மீண்டும் வழக்குக்கு வந்ததாயினும், அப்பணியை மக்கள் சார்பில் முதலில் ஏற்றவர் அவரே. அப்போது அவர் அறுபத்தைந்து வயதைக் கடந்தவர். வெள்ளை வேட்டி, வெள்ளை அங்கி, வெள்ளைத் தலைப்பாகை ஆகிய எளிய உடையை எந்நாளும் மாற்றாதவர் ஆதலின், மக்கள் அவரை வெள்ளுடை வேந்தர் என்று அழைத்தனர்.

அவர் தலைமையில் 1920-இல் மாநகராட்சி செய்த ஒரு தீர்மானம் தனியே போற்றத்தக்கது. ஆயிரம் விளக்குப் பகுதியிலிருந்த மாநகராட்சிப் பள்ளியில் ஏழைப் பிள்ளைகளே பயின்றனர். பசி காரணமாக அவர்கள் வருகை குன்றியது. மாணவன் ஒருவனுக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படாத செலவில் சிற்றுண்டி வழங்கலாம் என மன்றம் இசைந்தது. பின்னர் இத்திட்டம் வேறு நான்கு பள்ளிகளுக்கும் விரிந்தது. இவ்வைந்து பள்ளிகளிலும் 1922-23-இல் 811 ஆக இருந்த மாணவர் தொகை 1924-25-இல் 1,671 ஆக உயர்ந்தது. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து இச்செலவைச் செய்ய ஆங்கில அரசாங்கம் இசையாமையால், 1925-இல் திட்டம் நின்றது.

நின்றது திட்டமே; அதன் விதை அழியவில்லை. 1956-இல் காமராசர் ஆட்சியில் மாநிலமெங்கும் பரவிய மதிய உணவும், 1982-இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவும், 2022-இல் அரசுப் பள்ளிகளில் தொடங்கிய காலை உணவும் அவ்வோரணா அறத்தின் வழித்தோன்றல்கள் எனலாம். காஞ்சியில் வாழ்வார்க்கு இதன் பொருள் எளிதில் விளங்கும். இருநாழி நெல்லைக் கொண்டு முப்பத்திரண்டு அறங்களையும் வளர்த்த அன்னை காமாட்சியின் ஊர் இது. வற்கடத்தால் வாடிய உயிர்களுக்கு மணிமேகலை அமுதசுரபி ஏந்தி உணவளித்ததாகக் காப்பியம் கூறும் ஊரும் இதுவே. அறத்தின் பெருமை அளவில் இல்லை. இருநாழியும் ஓரணாவும் போதும்.

இனி அவருடைய அரசியல் வாழ்வு. கல்வியிலும் உத்தியோகங்களிலும் பிராமணரல்லாதார் மிகப் பின்தங்கியிருந்த நிலையை மாற்ற வேண்டும் என்னும் எண்ணம் அக்காலத்தில் வலுப்பெற்று வந்தது. மாநகராட்சியில் தியாகராயரும் டாக்டர் டி. எம். நாயரும் எதிரெதிரே நின்று வாதிட்டவர்கள். டாக்டர் சி. நடேசனாரின் முயற்சியால் இருவரும் பகை மறந்து ஒன்றுகூடினர். 1916 நவம்பரில் தென்னிந்திய நல உரிமைச் சங்கத்துக்கு அடிகோலப்பெற்றது. அதன் இதழான ஜஸ்டிஸின் பெயராலேயே அது நீதிக்கட்சி எனப்பட்டது. அவ்வாண்டு டிசம்பரில் வெளிவந்த பிராமணரல்லாதார் அறிக்கை தியாகராயரின் பெயர் தாங்கியது.

1920-இல் நடந்த தேர்தலில் நீதிக்கட்சி பெரும்பான்மை பெற்றது. ஆளுநர் வில்லிங்டன் பிரபு, கட்சித் தலைவராகிய தியாகராயரை முதலமைச்சர் பதவி ஏற்க அழைத்தார். மாகாணத்தின் முதல் முதலமைச்சர் என்னும் பெயர் அழியாது நிற்கும்; வாணிகத்திலும் பொதுவாழ்விலும் அரைநூற்றாண்டு உழைத்த ஒருவருக்கு அதனினும் பெரிய பரிசு கிட்டுதல் அரிது. அவர் அதனை ஏற்கவில்லை. கடலூர் அ. சுப்பராயலு ரெட்டியார் முதலமைச்சரானார். அவருக்குப்பின் பனகல் அரசர் வந்தார். தியாகராயர் கட்சித் தலைமையோடும் மாநகராட்சிப் பணியோடும் அமைந்தார். கிட்டாத பழத்தை வெறுப்பது எளிது. கைக்கு வந்த கனியைப் பிறர்க்கு ஈவதே அரிது.

நிறையை மட்டும் கூறின் அது வரலாறாகாது. 1921-இல் பக்கிங்காம் கர்நாடிக் ஆலை வேலைநிறுத்தத்தின்போது வடசென்னையில் ஆதிதிராவிடர்க்கும் ஏனையோர்க்கும் பெரும் பூசல் மூண்டது. அரசாங்கம் ஆதிதிராவிடர்க்குச் சலுகை காட்டியதே காரணம் என்று நீதிக்கட்சித் தலைமை குறை கூறிற்று. சமநீதி வேண்டி எழுந்த இயக்கம், தம்மினும் தாழ்த்தப்பட்டார் துயரின்போது அவர் பக்கம் நில்லாமற் போனது வருந்தத்தக்கது. அவர்தம் தலைவர் எம். சி. ராஜா 1923-இல் கட்சியினின்றும் விலகினார். ஏழைப் பிள்ளையின் பசியை அறிந்தவர் தலைமை தாங்கிய கட்சியே இங்கே தவறியது. மேலே நிற்பவரிடம் நீதி கேட்பவன், கீழே நிற்பவனுக்கும் அதே நீதியை அளித்தல் வேண்டும் என்பதனை இந்நிகழ்ச்சி அறிவுறுத்துகிறது.

1925-இல் தியாகராயர் மறைந்தார். அவர் கட்சியின் ஆட்சி கொணர்ந்த இந்து சமய அறநிலையச் சட்டம் நிறைவேறியதும் அதே ஆண்டில்தான். திருக்கோயிற் சொத்து திருக்கோயிற் பணிக்கே செல்லவும், அதன் கணக்கு மக்களுக்குப் புலனாகவும் அச்சட்டம் வழிகோலியது. மாம்பலத்து நீண்ட ஏரி தூர்க்கப்பெற்று எழுந்த புதுநகர் அவர் பெயரால் தியாகராய நகர் ஆயிற்று. இன்று காஞ்சிப் பட்டு பெரிதும் விலையாகும் கடைவீதிகளுள் ஒன்று, நெசவர் குலத்துப் பெரியார் ஒருவரின் பெயரைத் தாங்கி நிற்பது பொருத்தமே. ரிப்பன் மாளிகையின் முன் அவர் சிலை நிற்கிறது.

குடமுழுக்கு என்பது பலர் கைப்பொருள் ஒன்றுகூடி நிறைவேறும் திருப்பணி. கலசத்தில் வார்க்கும் நீர் ஒருநாளில் வழிந்து விடும். அதனால் உள்ளத்தில் ஊறும் அறம் ஆண்டெல்லாம் நிலைத்தல் வேண்டும். செல்வமும் பதவியும் இறைவன் நம்மிடம் வைத்த அடைக்கலப் பொருள் என்று கொண்டு, பசித்தார்க்குச் சிறிதளவேனும் நாள்தோறும் ஈந்தும், வேண்டாத பெருமையை விட்டும் வாழ்வோர் இல்லந்தோறும் தியாகேசன் எழுந்தருள்வான். அந்நல்லறம் காஞ்சித் தறிகளில் ஓடும் இழை போல் அறாது நீள்வதற்கு ஏகம்பவாணரும் அன்னை காமாட்சியும் திருவருள் புரிவார்களாக.