வாடகைக்காகக் கதவைத் தட்டியவர்

வாடகை கேட்டு வீட்டுக்காரர் கதவைத் தட்டினால் நம்மில் பலருக்கு உள்ளூர ஒரு கலக்கம் ஏற்படுவதுண்டு. ஆனால், வாடகை வாங்க வாரந்தோறும் கதவைத் தட்டியே ஏழைக் குடும்பங்கள் நிலையாக ஓரிடத்தில் வாழத் துணைநின்ற ஒரு பெண்மணி, 19-ஆம் நூற்றாண்டில் இலண்டன் மாநகரில் வாழ்ந்தார். அவர் பெயர் ஆக்டேவியா ஹில். அவர் ஆங்கிலிக்கன் திருச்சபையைச் சேர்ந்தவர். நம் பங்குகளில் அதிகம் கேள்விப்படாத பெயர். ஆயினும், வின்சென்ட் தே பவுல் சபையினரோடு ஏழைகளின் இல்லங்களைச் சந்திக்கச் செல்லும்போதெல்லாம் அவர் நம் நினைவுக்கு வருகிறார்.

1838-ஆம் ஆண்டு டிசம்பர் 3-ஆம் நாள், இங்கிலாந்தின் விஸ்பெக் நகரில் ஒரு தானிய வணிகரின் மகளாகப் பிறந்தார் ஆக்டேவியா. 1840-இல் தந்தையின் தொழில் நொடித்துப்போனது. தந்தை மனமும் உடைந்துபோனார். குடும்பம் தாய்வழித் தாத்தாவான மருத்துவர் சவுத்வுட் ஸ்மித்தின் உதவியால் பிழைத்தது. 1852-இல் தாய்க்கு இலண்டனில் ஒரு கைத்தொழில் கூடத்தை நடத்தும் வேலை கிடைத்தது. அங்கே பொம்மைச் சாமான்கள் செய்துவந்த ஏழைச் சிறுமிகளைக் கவனிக்கும் பொறுப்பு 14 வயது ஆக்டேவியாவுக்கு வந்தது. அச்சிறுமிகளின் வீடுகளுக்குச் சென்று பார்த்தபோதுதான், கூலி மட்டும் கொடுத்தால் போதாது என்பது அவருக்குப் புரிந்தது.

1865-இல் கலை விமர்சகர் ஜான் ரஸ்கின் பணம் தந்து உதவ, மேரிலபோன் பகுதியில் மூன்று வீடுகள் ஆக்டேவியாவின் பொறுப்பில் வந்தன. அத்தெருவின் பெயர் பாரடைஸ் பிளேஸ். பெயரில் மட்டுமே அது விண்ணகம். இலண்டனின் இத்தகைய வீடுகளில் ஒரே அறையில் ஒரு குடும்பம் முழுவதும் முடங்கிக் கிடந்தது. கூரை ஒழுகியது. மாடிப்படிகளின் கைப்பிடிக் கட்டைகள்கூடக் குளிருக்கு விறகாகிவிட்டிருந்தன. போட்ட பணத்திற்கு 5 விழுக்காடு வருமானம் வரவேண்டும் என்பது ரஸ்கின் அவர்களின் ஏற்பாடு. அப்படி வந்தால்தான் மற்றவர்களும் இதில் பணம் போட முன்வருவார்கள் என்று அவர் நினைத்தார். அது நடக்கவும் செய்தது.

ஆக்டேவியா வாரத்தில் ஒருநாள் தாமே வாடகை வாங்கச் சென்றார். இதைச் சாதாரண வசூல் என்று நாம் எண்ணிவிடக்கூடாது. வாடகை வாங்கும் அந்தச் சில நிமிடங்களில் ஒழுகும் கூரை, நோயில் கிடக்கும் குழந்தை, வேலை இழந்த கணவர் என எல்லாமே அவர் பார்வைக்கு வந்தன. ஒவ்வொரு வீட்டுக்கும் ஆண்டுதோறும் பழுதுபார்ப்புக்கென ஒரு தொகை ஒதுக்கினார். உடைப்பும் சேதமும் குறைந்து அதில் பணம் மிஞ்சினால், அதை எதற்குச் செலவிடுவது என்பதைக் குடியிருப்போரே முடிவுசெய்தார்கள். வேலை இல்லாத காலத்தில் அவர்களுக்கே பழுதுபார்ப்பு வேலை கொடுத்தார். படிகளைக் கழுவச் சிறுமிகளுக்குக் கூலி கொடுத்தார். சேமிப்புப் பழக்கமும் குழந்தைகளுக்கு விளையாட்டுத் திடலும் பின்னர் வந்தன. 1874-க்குள் சுமார் 3,000 பேர் அவருடைய பொறுப்பில் இருந்த வீடுகளில் குடியிருந்தனர். இத்தனை பேரை ஒருவரே சந்திக்க முடியாதல்லவா? ஆகவே பெண்களுக்கு இப்பணியைக் கற்றுக்கொடுத்து அனுப்பினார்.

இவர் இலவசமாக எதையும் கொடுக்கவில்லை. பிச்சை பெறுபவர் தலைகுனிகிறார், வாடகை கொடுப்பவர் தலைநிமிர்ந்து உரிமையோடு பேசுகிறார் என்பது அவருடைய நம்பிக்கை. இதில் பெரும் உண்மை உண்டு. ஆனால், வாடகை பாக்கி வைத்துக்கொண்டே இருந்தவர்களையும், ஒழுக்கம் தவறியவர்கள் என்று அவர் கருதியவர்களையும் அவர் வெளியேற்றினார். ஆதரவளிக்கும் கையிலேயே வெளியேற்றும் அதிகாரமும் இருந்தது. வெளியேறியவர்கள் அந்த இரவு எங்கே படுத்திருப்பார்கள் என்ற கேள்வி நம்மை விடுவதாயில்லை. அரசு ஏழைகளுக்கு வீடு கட்டிக்கொடுப்பதையும், முதியோர் ஓய்வூதியத்தையும், பெண்களின் வாக்குரிமையையும்கூட அவர் எதிர்த்தார். இவற்றில் அவர் தவறினார் என்றே நாம் எண்ணுகிறோம். மாநகரம் முழுவதும் நிறைந்திருந்த ஏழ்மைக்கு ஒரு பெண்மணியின் கண்காணிப்பில் இருந்த வீடுகள் எப்படிப் போதும்?

ஆயினும் அவருடைய முறை அவரோடு நின்றுவிடவில்லை. 2003-இல் இங்கிலாந்து அரசு, முதியோர், மனநோயால் வருந்துவோர், சிறையிலிருந்து திரும்பியோர், வீட்டு வன்முறைக்குத் தப்பிவந்த பெண்கள் ஆகியோர் தங்கள் சொந்த வீட்டில் வாழத் துணைசெய்யும் பணிகளுக்கென ஒரு தனி நிதித் திட்டத்தைத் தொடங்கியது. பணியாளர் வீடு தேடி வந்து, படிவம் நிரப்பவும் கட்டணங்களை ஒழுங்காகச் செலுத்தவும் உடன் அமர்ந்து உதவினார். 2009-இல், அந்த நிதியை இப்பணிக்கு மட்டுமே செலவிடவேண்டும் என்ற கட்டுப்பாடு நீக்கப்பட்டது. பிறகு பல ஊர்களில் இச்சேவைகள் குறைக்கப்பட்டன. கதவைத் தட்ட வருபவரின் சம்பளம்தான் முதலில் வெட்டப்படுகிறது. வீடு என்னவோ அப்படியே நிற்கும்.

1895-இல் இயற்கை எழில்மிகு இடங்களைக் காக்க மற்ற இருவரோடு சேர்ந்து தேசிய அறக்கட்டளையைத் தொடங்கியவரும் இவரே. அறைகளுக்குள் அடைபட்ட ஏழைகளுக்குத் திறந்தவெளி வேண்டும் என்ற ஏக்கமே அவரை அங்கும் இட்டுச்சென்றது. 1912 ஆகஸ்ட் 13-ஆம் நாள் இலண்டனில் ஆக்டேவியா ஹில் இறந்தார். கென்ட் பகுதியிலுள்ள குரோக்கம் ஹில் என்ற சிற்றூரின் ஆலயக் கல்லறைத் தோட்டத்தில், அக்கா மிராண்டாவின் அருகே அவர் அடக்கம் செய்யப்பட்டார்.