நூலகத் தந்தை அரங்கநாதனார்

சோழவளநாட்டில் ஞானசம்பந்தர் அவதரித்த சீகாழி, பாட்டாலும் புலமையாலும் பெயர்பெற்ற பழம்பதியாகும். அப்பதியில் 1892ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் இராமாமிருத ஐயரின் மைந்தராய்த் தோன்றினார் அரங்கநாதனார். ஆறாம் அகவையிலேயே அவர் தந்தையை இழந்தார். பேசும்பொழுது நாத் தடுமாறும் குறையும் அவருக்கு இருந்தது. ஆயினும் கல்வியில் அவர் ஊக்கம் குன்றவில்லை. சீகாழியில் பள்ளிப்படிப்பை முடித்தபின் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிற் சேர்ந்து கணிதத்தில் முதுகலைப் பட்டம் பெற்றார். பின்னர் மங்களூர், கோயம்புத்தூர் ஆகிய ஊர்களிலும், சென்னை மாநிலக் கல்லூரியிலும் கணிதம் கற்பித்தார். நாத் தடுமாற்றம் உடைய ஒருவர் நாள்தோறும் மாணாக்கர்முன் நின்று பேசும் தொழிலை விரும்பி மேற்கொண்டார் என்பதிலிருந்தே அவருடைய மனத்திண்மையை உணரலாம்.

1924ஆம் ஆண்டு சனவரியில் அவர் சென்னைப் பல்கலைக்கழக நூலகராய் அமர்ந்தார். நண்பர் தூண்டுதலும் ஊதிய உயர்வுமே அதற்குக் காரணம்; நூலகப்பணியில் அவருக்கு அப்பொழுது நாட்டமே இல்லை. வகுப்பறையின் கலகலப்பில் திளைத்தவருக்கு அவ்விடம் ஆளரவமற்ற பாழ்மண்டபம்போலத் தோன்றியது. புத்தகங்கள் இருந்தன, படிப்போர் அரியர். சில நாள்களுக்குள் மனம் சலித்தார். மாநிலக் கல்லூரித் தலைவரிடம் சென்று, பழைய வேலையையே மீண்டும் தருமாறு வேண்டினார். இங்கிலாந்து சென்று பயிற்சி பெற்றுத் திரும்பிய பின்னும் மனம் மாறாதாயின் கல்லூரிக்கே வந்துவிடலாம் என அவர் விடை கூறியனுப்பினார். அன்று அவ்வேண்டுகோளுக்கு உடனே இசைந்திருப்பாராயின், நாட்டிற்குக் கணித ஆசிரியர் ஒருவர் மிகுந்திருப்பார். நூலகத் தந்தை கிடைத்திருக்கமாட்டார்.

இலண்டனில் பெர்விக் சேயர்ஸ் என்னும் நூலக அறிஞரிடம் அவர் பாடங்கேட்டார். அந்நாட்டு நூலகங்கள் பலவற்றை நேரிற் சென்று கண்டார். அங்கே தொழிலாளரும் பெண்டிரும் சிறாரும் உரிமையோடு புகுந்து நூல்களை எடுத்துச் சென்றனர். நூலகப் பணியாளர் அவர்களை வரவேற்று, அவரவர் விருப்பமும் தேவையும் அறிந்து, ஏற்ற நூல்களை எடுத்துக் காட்டினர். இக்காட்சி அவர் உள்ளத்தைத் தொட்டது. நூலகம் என்பது புத்தகங்களைப் பூட்டிக் காக்கும் இடமன்று. புத்தகத்தையும் மனிதரையும் கூட்டிவைக்கும் இடம் எனத் தெளிந்தார். கடையொன்றில் சில உறுப்புகளை மாற்றி மாற்றிப் பூட்டிப் பலவகைப் பொம்மைகள் அமைப்பதைக் கண்டு, நூல்களைப் பகுக்கும் புதுமுறை ஒன்றையும் சிந்தித்தார். 1925இல் தாயகம் திரும்பியவர் கல்லூரிக்குப் போக எண்ணவே இல்லை.

சென்னை நூலகத்தில் அவர் செய்த மாற்றங்கள் பல. நூல்நிலையம் திறந்திருக்கும் நேரத்தை நீட்டித்தார். படிப்போர் தாமே அலமாரிகளிடையே சென்று நூல்களைப் பார்த்தெடுக்க வழிசெய்தார். இவற்றினும் மேலாக அவர் போற்றியது, படிப்போர்க்கு வழிகாட்டும் பணியாகும். பல்லாயிரம் நூல்களிடையே புதிதாய் நுழைபவர், திருவிழாக் கூட்டத்தில் வழிதவறிய சிறுவரை ஒப்பர். நூற்பட்டியலைப் புரட்டவும் அறியார். தமக்கு வேண்டியது இன்னதென எடுத்துச் சொல்லவும் கூசுவர். அவர்தம் கூச்சத்தைப் போக்கி, கருத்தை உணர்ந்து, உரிய நூலைக் கையில் அளிக்கப் பணியாளர் வேண்டும் என்றார். அதற்குப் பணியாளர் நூல்களையும் அறிந்திருத்தல் வேண்டும். மாந்தரையும் அறிந்திருத்தல் வேண்டும். பின்னது முன்னதினும் அரிது. இப்பணிக்கென்றே தனியாட்களை அமர்த்திப் பயிற்றினார்.

1931இல் வெளிவந்த அவருடைய நூலக விதிகள் ஐந்தனுள் இக்கருத்தே உயிராக விளங்குகின்றது. நூல்கள் பயன்படுத்தற்கு உரியன. ஒவ்வொருவர்க்கும் அவருக்கேற்ற நூல் கிட்டவேண்டும். ஒவ்வொரு நூலும் தனக்குரிய வாசகரை அடையவேண்டும். படிப்போர் காலம் வீணாதல் கூடாது. நூலகம் வளரும் உயிர் போன்றது என்பன அவற்றின் சாரம். கணிதம் பயின்றவர் ஆதலின் பெரியதோர் இயலைச் சில சொற்களுள் அடக்கும் ஆற்றல் அவருக்கு வாய்த்திருந்தது. 1933இல் அவரது கோலன் பகுப்புமுறை அச்சேறியது.

நூலகத்திற்கு வர இயலாத சிற்றூர் மக்கள் என் செய்வர்? 1931ஆம் ஆண்டு அக்டோபரில் மன்னார்குடிப் பகுதியில் கனகசபைப் பிள்ளை என்பார் இரட்டைமாட்டு வண்டியில் நூல்களை ஏற்றி ஊர்தோறும் அனுப்பலானார். அம்முயற்சிக்கு அரங்கநாதனார் துணைநின்றார். நெல்மூட்டை சுமந்த பாதையில் புத்தகம் சென்றது. ஆயினும் தனியார் ஈகை ஒன்றையே நம்பியிருத்தல் ஆகாது எனக் கருதிய அவர், நூலகத்திற்குச் சட்டம் வேண்டுமென இடைவிடாது முயன்றார். அதன் பயனாய் 1948இல் சென்னைப் பொதுநூலகச் சட்டம் நிறைவேறியது. விடுதலை பெற்ற இந்தியாவில் இத்துறையில் எழுந்த முதற்சட்டம் அதுவே. சொத்துவரியோடு சேர்த்துப் பெறும் நூலகவரியால் ஊர்ப்புற நூலகங்களுக்கும் பொருள் கிடைக்க வழி பிறந்தது.

காசியிலும் தில்லியிலும் பணியாற்றிய அரங்கநாதனாருக்கு 1957இல் பத்மசிறீ விருது வழங்கப்பெற்றது. எளிய வாழ்வினராகிய அவர், சிறுகச் சிறுகச் சேர்த்த ஒரு லட்சம் ரூபாயைச் சென்னைப் பல்கலைக்கழகத்திற்கே அளித்தார். அப்பொருளால் நூலகவியற் பேராசிரியர் பதவி ஒன்று, அவர்தம் துணைவியார் சாரதா அம்மையாரின் பெயரையும் தாங்கி அமைந்தது. 1962இல் பெங்களூரில் ஆய்வுப் பயிற்சி மையம் ஒன்றைத் தோற்றுவித்து, மாணாக்கரோடு இறுதிவரை அளவளாவி வந்தார். அந்நகரிலேயே 1972ஆம் ஆண்டு செப்டம்பர் 27ஆம் நாள் காலமானார்.