பிள்ளையின் கைக்கு நேரம் கொடுத்தவர்

என் மகனுக்கு மூன்று வயசு. காலையில் சட்டைப் பட்டனைத் தானே போடணும்னு அடம்பிடிப்பான். எனக்கோ வேலைக்கு நேரமாகிடும். அவன் கையை விலக்கிவிட்டு நானே போட்டுவிடுவேன். அழுவான், பிடிவாதம்னு திட்டுவேன். மரியா மாண்டிசோரியின் வாழ்க்கையைப் படித்த பிறகுதான் தப்பு யார் பக்கம்னு புரிஞ்சுது.

1870-இல் இத்தாலியில் பிறந்தவர் அவர். பெண்கள் மருத்துவம் படிப்பதே அபூர்வமாக இருந்த காலத்தில், 1896-இல் ரோமில் மருத்துவப் பட்டம் பெற்றார். மனவளர்ச்சி குன்றியவர்கள் என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைகளுக்கு, கையால் தொட்டுப் பழகும் பொருள்களைக் கொடுத்துக் கற்பித்தார். அவர்களில் சிலர் பொதுத்தேர்வில் மற்றப் பிள்ளைகளுக்கு ஈடாகத் தேறினார்கள்.

1907 ஜனவரி 6-ஆம் தேதி, ரோமின் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பான சான் லொரென்சோவில் சிறுவர் இல்லம் ஒன்றைத் தொடங்கினார். பெற்றோர் வேலைக்குப் போனதும் கவனிக்க ஆளில்லாமல் திரிந்த சுமார் ஐம்பது பிள்ளைகள் அங்கே வந்தார்கள். மூன்று வயசுச் சிறுமி ஒருத்தி மர உருளைகளை அதனதன் குழியில் பொருத்துவதும் எடுப்பதுமாக இருந்தாள். நாற்காலியோடு தூக்கி வைத்தும் நிறுத்தவில்லை. நாற்பது தடவைக்கு மேல் செய்துவிட்டு, தானாகவே சந்தோஷமாக எழுந்தாள். அவளைத் தடுக்காமல் எண்ணிக்கொண்டிருந்தார் பாருங்க, அதுதான் மாண்டிசோரி!

முதல் ஆறு வருஷத்தில் குழந்தை சுற்றியிருப்பதையெல்லாம் அப்படியே உள்வாங்குகிறது என்பது அவர் கண்டது. ஆறு வயதுக்குள் மூளை, பெரியவர் மூளையின் அளவில் சுமார் 90 விழுக்காட்டை எட்டிவிடுவதாக இன்றைய மருத்துவமும் சொல்கிறது.

1939-இல் சில மாதப் பயிற்சி நடத்த சென்னை அடையாற்றுக்கு வந்தார். இத்தாலி போரில் இறங்கியது. இத்தாலியர் என்பதால் மகன் மாரியோவை ஆங்கில அரசு சிறைவைத்தது. 1940 ஆகஸ்ட்டில், அவருடைய எழுபதாவது பிறந்தநாளை ஒட்டி மகனை விடுவித்தார்கள். அந்த மகனின் கதைதான் என்னை உலுக்கியது. மணமாகாமல் பெற்ற பிள்ளை என்பதால், ஊருக்குப் பயந்து வேறொரு குடும்பத்தில் வளரவிட்டிருந்தார். ஊரார் பிள்ளைகளின் முதல் ஆறு வருஷத்தைக் காத்தவருக்குச் சொந்தப் பிள்ளையின் ஆறு வருஷம் கிடைக்கவில்லை. மாரியோ பதின்ம வயதில்தான் தாயிடம் வந்தார். கடைசிவரை கூடவே இருந்து உழைத்தார். கொடைக்கானலிலும் பிள்ளைகளோடு வேலை செய்த மாண்டிசோரி, 1952-இல் நெதர்லாந்தில் காலமானார்.

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமான்னு நாம் சொல்வோம். வளைக்கிற வேலை நம்முடையதுன்னு நினைச்சுட்டோம். அவரோ, பிள்ளை தானே வளர்வதற்கு இடம் விடச் சொன்னார்.

என் மகனின் முதல் ஆறு வருஷம் இன்னும் என் கையில்தான் இருக்கு. இப்போ பத்து நிமிஷம் முன்னாடியே எழுந்திருக்கிறேன். நேற்று மூணாவது பட்டனை நாலாவது ஓட்டையில் போட்டான். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அவனே பார்த்தான், கழற்றினான், சரியாகப் போட்டான்.