காமராஜரின் கடைசி மதியம்: இதயம் தரும் எச்சரிக்கையை எப்படிக் கண்டுபிடிப்பது?

நாகர்கோவில் தொகுதிக்கு ஒரு காலத்தில் எம்.பி. யார் தெரியுமா? காமராஜர்!

1903 ஜூலை 15-ல் விருதுநகரில் பிறந்தவர். சின்ன வயதிலேயே அப்பாவை இழந்தார், படிப்பு பாதியில் நின்றது. சுதந்திரப் போராட்டத்தில் பல ஆண்டுகள் சிறையில் இருந்தார். 1954 முதல் 1963 வரை முதல்வராக இருந்து, பள்ளிகளைத் திறந்து மதிய உணவும் போட்டார். 1967-ல் சொந்த ஊரிலேயே தோற்றுப்போனார். மார்ஷல் நேசமணி மறைவால் 1969-ல் நடந்த இடைத்தேர்தலில் நாகர்கோவில் தொகுதி அவரைக் கைதூக்கி விட்டது. 1971-லும் அங்கேயே ஜெயித்தார்.

1975 அக்டோபர் 2, காந்தி ஜெயந்தி. சென்னை தி.நகர் வீட்டில் மதியம் ஓய்வெடுத்துக்கொண்டிருந்தவருக்கு திடீரென உடல் வியர்த்தது. டாக்டரைக் கூப்பிடச் சொன்னார். டாக்டர் வருவதற்குள் உயிர் பிரிந்துவிட்டது. காரணம் மாரடைப்பு. வயது 72.

காரணமில்லாத வியர்வை எவ்வளவு பெரிய எச்சரிக்கை என்பதை அந்த மதியம் காட்டுகிறது. சர்க்கரை நோயாளிகளுக்கு நெஞ்சுவலியே இல்லாமல்கூட மாரடைப்பு வரலாம்.

இதயச் செயலிழப்புக்காக ஆஸ்பத்திரியில் இருப்பவர்களுக்கும் நிலைமை சட்டென மோசமாகலாம். பக்கத்தில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியவை:

* படுத்தால் மூச்சு முட்டுகிறது, எழுந்து உட்காரத் தோன்றுகிறது, சளி நுரையாக வருகிறது: நுரையீரலில் நீர் கோத்திருக்கலாம்.

* கை கால் சில்லிட்டு வியர்க்கிறது, சிறுநீர் குறைகிறது, பேச்சு குழம்புகிறது: இதயம் போதுமான ரத்தத்தை அனுப்பாமல் இருக்கலாம்.

* நெஞ்சு படபடப்பு, கண் இருட்டுதல், மயக்கம்: இதயத் துடிப்பின் தாளம் தவறியிருக்கலாம்.

* நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி: புதிதாக மாரடைப்பு வந்திருக்கலாம். ஈசிஜி, ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனை இரண்டும் இதைக் காட்டிக்கொடுக்கும்.

இதில் எது தெரிந்தாலும், ‘காலையில் ரவுண்ட்ஸ் வரும்போது சொல்லிக்கலாம்’ என்று இருக்காதீர்கள். அந்த நிமிடமே நர்ஸிடம் சொல்லுங்கள். வேலைக்காரப் பெண் தொந்தரவு செய்கிறார் என்று யாரும் நினைத்தாலும் பரவாயில்லை, இரண்டாவது முறையும் சொல்லுங்கள். வீட்டில் என்றால் உடனே 108.

காமராஜர் டாக்டரைக் கூப்பிடச் சொன்னார், நேரம்தான் போதவில்லை. இன்று ஆஸ்பத்திரி வார்டில் டாக்டரும் மானிட்டரும் சில அடி தூரத்தில் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சேதி சொல்ல வேண்டியது, கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நீங்கள்தான்.